கார் கழுவும் பழக்கம் எங்கிருந்து வந்தது?



போன பொதுக்குழுவில் எதைப் பற்றி அதிக நேரம் பேசினோம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். லிஃப்ட் பராமரிப்பு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஜெனரேட்டர் டீசல் கணக்குக்குப் பத்து நிமிடம். மீதி முக்கால் மணி நேரமும், கீழே பார்க்கிங்கில் ஹோஸ் பைப் போட்டுக் கார் கழுவலாமா கூடாதா என்பதுதான். "காசு கொடுத்து வாங்கின வண்டி, கழுவாமல் என்ன செய்வது?" என்றது ஒரு தரப்பு. "போர் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறதே, அது தெரியவில்லையா?" என்றது இன்னொரு தரப்பு. முடிவெடுக்காமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தோம்.

இரண்டு தரப்பும் பேசாத ஒரு விஷயம் உண்டு. நாம் கார் கழுவும் முறை இன்றைய காருக்காக உண்டானதே அல்ல. அது அம்பாஸடர் காலத்து முறை. அதிலும் பாதி குதிரை வண்டிக் காலத்திலிருந்து வந்தது. அந்த வண்டியின் பெயின்ட் வேறு, அன்றைய தண்ணீர் நிலவரம் வேறு. வண்டியும் தண்ணீரும் மாறிவிட்டன, பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. நான் பி.காம். படித்து வங்கியில் பேரேடு எழுதியவன், மெக்கானிக் இல்லை. ஆனால் ஓய்வுக்குப் பிறகு என் வண்டியை நானேதான் சுத்தம் செய்கிறேன். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்து வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் நீங்களும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

நம் ஊரில் 'கார்' என்ற சொல்லே ஒரு வேடிக்கை. வெள்ளைக்காரர்கள் கோயில் தேரையும் 'கார்' என்றுதான் எழுதினார்கள். தேரோடும் வீதிகளுக்கு ஆங்கிலத்தில் 'கார் ஸ்ட்ரீட்' என்று பெயர் வந்தது அப்படித்தான். காந்தி ரோடு தேரடியில் நிற்கும் தேரை யாரும் ஹோஸ் பைப் போட்டுக் கழுவுவதில்லை. தூசு தட்டி, வெயிலும் மழையும் படாமல் மூடி வைக்கிறார்கள். அந்த மரச் சிற்பத்தில் தினம் தண்ணீர் ஊற்றினால் என்னவாகும் என்று எல்லோருக்கும் தெரியும். பெட்ரோலில் ஓடும் கார் விஷயத்தில்தான் நமக்கு அந்தத் தயக்கம் கிடையாது.

மோட்டார் கார் வருவதற்கு முன்னால் பணக்காரர் வீட்டு வாகனம் கோச் வண்டி. சென்னையில் சிம்ப்சன் கம்பெனி 1840-ல் தொடங்கியதே கோச் வண்டி கட்டத்தான். அதே கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் ஒரு நீராவிக் காரைச் செய்து சென்னைத் தெருவில் ஓட்டிக் காட்டினார். வண்டி கட்டியவர்களே கார் கட்டினார்கள் என்பதால், வண்டிக்குப் பூசிய வார்னிஷ்தான் முதலில் காருக்கும் வந்தது. எண்ணெயில் காய்ச்சிய வார்னிஷ் அது. ஒரு பூச்சு காய்ந்து, தேய்த்து, அடுத்த பூச்சு போட்டு, வண்டி கடையைவிட்டு வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். சாலையோ மண் சாலை. மழைக்காலத்தில் சேறு, மற்ற நாளில் புழுதி. சேறு காய்ந்துவிட்டால் வார்னிஷையும் பெயர்த்துக்கொண்டு வரும். அதனால் வண்டி வந்து நின்றதும் லாயத்து ஆள் முதலில் நிறையத் தண்ணீர் விட்டுச் சேற்றை ஊறவைப்பார். பிறகு ஸ்பாஞ்ச். கடைசியில் மெல்லிய ஆட்டுத் தோலால் ஈரத்தை ஒற்றி எடுப்பார். வெயிலில் நிறுத்திக் கழுவக் கூடாது என்பதும் அந்தக் காலத்து விதிதான். இதில் 'நிறையத் தண்ணீர்' என்பதை மட்டும் நாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். ஊறவைப்பதையும், தேய்க்காமல் ஒற்றுவதையும், நிழலையும் விட்டுவிட்டோம்.

பெயின்ட் காய்கிற நேரத்தைக் குறைத்தது அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி. நைட்ரோசெல்லுலோஸ் கலந்த 'டூகோ' என்ற பூச்சு 1923-ல் ஓக்லண்ட் என்ற காரில் நீல நிறத்தில் வந்தது. வாரக்கணக்கில் காய்ந்தது மணிக்கணக்கில் காய ஆரம்பித்தது. ஃபோர்டு தன் மாடல் டி காரை 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே விற்றார். அதன் பிறகு அவரும் வேறு நிறங்களுக்கு இறங்கிவர வேண்டியதாயிற்று. டூகோ என்ற பெயர் நம் ஊர் வரைக்கும் வந்து, பழைய பெயின்டர்கள் எந்த ஸ்ப்ரே பெயின்டையும் 'டூகோ' என்றே சொல்கிற அளவுக்கு நிலைத்துவிட்டது.

இனி நமக்குத் தெரிந்த காலம். 1950-களின் இறுதியில் வந்த அம்பாஸடர் 2014 வரை தயாரானது. ஃபியட் இருந்தது. நம் பக்கத்திலேயே, வண்டலூரில், அன்றைய ஒன்றுபட்ட செங்கல்பட்டு மாவட்டத்தில், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் ஹெரால்டு காரைத் தயாரித்தது. இந்த மூன்றும்தான் கார். அன்றைக்குக் காஞ்சிபுரத்தில் கார் வைத்திருந்தவர்களைத் தெருவாரியாகப் பெயர் சொல்லிவிடலாம்: சில பட்டு ஜவுளி முதலாளிகள், இரண்டு மூன்று டாக்டர்கள், அரிசி ஆலைக்காரர்கள். மற்றபடி டாக்ஸி ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகள். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் எங்கள் கிளையில் கார் கடன் விண்ணப்பம் வந்தால், மேலாளரே எழுந்து வந்து விண்ணப்பதாரரின் முகத்தைப் பார்ப்பார்.

காரைத் துடைப்பது டிரைவரின் வேலை. விடிகாலையில் வாளியும் மஞ்சள் துணியுமாக அவர் வண்டியைச் சுற்றி வருவார். கண்ணாடிக்குப் பழைய செய்தித்தாள். டயருக்குக் கொஞ்சம் எண்ணெய். தார்க் கறைக்கு மண்ணெண்ணெய். மாதம் ஒரு முறை 'வாட்டர் சர்வீஸ்': வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் பிரஷரில் தண்ணீர் அடித்து, பிறகு துருப் பிடிக்காமல் இருக்க டீசலோ பழைய எண்ணெயோ தெளிப்பார்கள். லாரிக்காரர்கள் ஏரிக்கரையில் நிறுத்தி, ஏரியிலேயே கழுவினார்கள். வெள்ளை அம்பாஸடருக்கு பாலிஷ் போட்டால் துணியில் வெள்ளை வரும். நிறப் பூச்சே மேல் பூச்சு என்பதால் தேய்க்கத் தேய்க்க நிறமே கொஞ்சம் கழன்று வந்தது. பூச்சு தடிமனாக இருந்ததால் யாரும் கவலைப்படவில்லை. மங்கினால் காம்பவுண்ட், அதற்கும் மேலே போனால் மறுபடி பெயின்ட். அந்த வண்டிக்கு அந்த முறை சரிதான். அந்த டிரைவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. நம் மாவட்டத்துக்கு உண்மையான திருப்பம் அதற்குப் பிறகுதான். 1996-ல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு வேலை தொடங்கியது. 1998-ல் சான்ட்ரோ வெளியே வந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். தேர் செய்த ஊரைச் சுற்றி இத்தனை கார் தொழிற்சாலை வரும் என்று யார் நினைத்தார்கள்? இன்று நம் பார்க்கிங்கில் நிற்கும் வண்டிகளில் பல, இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் செய்தவை. ஆனால் அவை எப்படிப் பூசப்படுகின்றன என்பது அவற்றைத் தினமும் துடைக்கும் நமக்குத் தெரியாது.

இப்போதைய முறை இது. காரின் கூட்டையே ஒரு பெரிய தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி, துருவைத் தடுக்கும் முதல் பூச்சை ஏற்றுகிறார்கள். அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமே இல்லாத கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. அதற்குப் பெயர் கிளியர் கோட். காரில் நாம் பார்க்கும் பளபளப்பு முழுதும் இந்தக் கடைசிப் பூச்சுதான். நான்கும் சேர்ந்து சுமார் 100 மைக்ரான். கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான் இருக்கும். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். அதாவது உங்கள் பத்து லட்ச ரூபாய் காரின் பளபளப்பு, ஒரு முடியைவிட மெல்லிய ஏட்டில் இருக்கிறது. ஒவ்வொரு முறை கடையில் 'ரப்பிங் பாலிஷ்' போடும்போதும் அதில் சில மைக்ரான் போகிறது. பணம் எடுக்க மட்டும் வழியுள்ள, போட வழியில்லாத கணக்கு இது. வண்டியின் ஆயுளுக்கும் அந்த இருப்புதான்.

சரி, பாலிஷ் எப்போது தேவைப்படுகிறது? வெயிலில் நிறுத்திய கறுப்பு அல்லது கருநீலக் காரின் பானட்டைக் கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். ரோட்டில் யாரோ கீறியதில்லை. நாம் துடைத்தபோது விழுந்தவை. வண்டி மேல் படியும் தூசு என்பது பெரும்பாலும் நுண்ணிய மணல். காய்ந்த துணியால் அதைத் துடைத்தால் உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான். ஈரத் துணி என்றால் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் ஒரே வாளி என்றால் பலனில்லை. முதல் வண்டியின் மணல் வாளிக்குப் போகிறது, வாளியிலிருந்து துணிக்கு வருகிறது, துணியிலிருந்து இரண்டாம் வண்டிக்குப் போகிறது. காலையில் வந்து கார் துடைக்கும் தம்பி ஒரு வாளித் தண்ணீரில் ஏழெட்டு வண்டி முடிக்கிறார். எட்டாவது வண்டிக்காரர் மற்ற ஏழு பேரின் மணலுக்கும் சேர்த்து மாதச் சம்பளம் கொடுக்கிறார்.

இங்கே துணியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இது நம் ஊருக்குப் புரியும் விஷயம். கச்சாப் பட்டு வாங்கி விற்றவர்களுக்கு டெனியர் என்றால் என்னவென்று தெரியும்: 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் எடை என்பது. பட்டுப்புழுக் கூட்டிலிருந்து நேராக வரும் இழை இரண்டு மூன்று டெனியர்தான் இருக்கும். அப்படிப் பல இழைகளைச் சேர்த்துத்தான் நூலாக்குகிறார்கள். கார் கடைகளில் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மைக்ரோஃபைபர் துணியின் இழை ஒரு டெனியருக்கும் குறைவு. பட்டுப்பூச்சி நூற்பதைவிட மெல்லியது! 1970-ல் ஜப்பானின் டோரே கம்பெனி இப்படிப்பட்ட இழையிலிருந்து மான்தோல் போன்ற ஒரு துணியைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகுதான் இந்த வகை இழை துடைக்கும் துணியாகவும் வீடு வீடாகப் பரவியது. இழைகளுக்கு நடுவில் உள்ள நுண்ணிய இடைவெளிகள் மணல் துகளைத் தூக்கி உள்ளே வைத்துக்கொள்ளும். பெயின்ட் மேல் இழுத்துக்கொண்டு போகாது. மஞ்சள் துணியோ, பழைய பனியனோ அதைச் செய்யாது. பட்டுப் புடவையை யாராவது பிரஷ் போட்டுத் தேய்ப்போமா? கிளியர் கோட்டும் அதே ஜாதி.

மைக்ரோஃபைபர் துணியைத் தனியாகத்தான் அலச வேண்டும். டர்க்கி டவலோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டால் அதன் பஞ்சையெல்லாம் பிடித்துக்கொண்டு வீணாகிவிடும். என் மனைவி இந்த ஒரு விஷயத்தில் என்னோடு முழுமையாக ஒத்துழைக்கிறாள்.

தண்ணீர் கணக்குக்கு வருவோம். 2019 கோடை உங்களுக்கு மறந்திருக்காது. செம்பரம்பாக்கம் வறண்டு கிடந்தது. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்கர் வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி சென்னை வில்லிவாக்கத்துக்கு வந்தது. அதே நாட்களில்தான் இங்கே அனந்தசரஸ் திருக்குளத்திலிருந்து எழுந்தருளிய அத்திவரதரைப் பார்க்க லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்து நின்றார்கள்: ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள். நாற்பது வருடம் தண்ணீருக்குள் இருக்கும் பெருமாள் வெளியே வந்திருக்க, குழாயில் தண்ணீர் வராமல் இருந்தது. ஊர் முழுக்க வெளியூர் வண்டிகள். நமக்குப் பாலாற்றுப் படுகைதான் ஆதாரம். ஓரிக்கையிலும் திருப்பாற்கடலிலும் மணலுக்கு அடியிலிருந்து எடுக்கிறோம். பாலாற்றுத் தண்ணீரால்தான் நம் பட்டுக்கு அந்தப் பளபளப்பு என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதே தண்ணீரைத்தான் காரின் மேல் ஊற்றிச் சாக்கடைக்கு அனுப்புகிறோம்.

2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரில் வாகனம் கழுவத் தடை போட்டது. அபராதம் 5,000 ரூபாய். மறுபடி மறுபடி செய்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் கூடுதல். அந்த மாதமே 22 குடும்பங்களிடமிருந்து 1.1 லட்சம் ரூபாய் வசூலானதாகச் செய்தி வந்தது. பெருக்கிப் பார்த்தேன், டேலி ஆகிறது.

நம் கணக்கையும் போடலாம். 60 கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோஸ் பைப்பில் நிமிடத்துக்கு 15 லிட்டர் வருகிறது. ஒரு வண்டிக்குப் பத்து நிமிடம் என்றால் 150 லிட்டர். வாரம் ஒரு முறை எல்லோரும் கழுவினால் 9,000 லிட்டர், அதாவது ஒரு டேங்கர் லாரி. நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் வேண்டும் என்பது அரசாங்க அளவுகோல். ஆக, வாராவாரம் 66 பேரின் ஒரு நாள் தண்ணீர் பார்க்கிங் தரையில் போகிறது. இதே வேலையை இரண்டு வாளியில் செய்தால் வண்டிக்கு 30 லிட்டர். மொத்தம் 1,800 லிட்டர். "பணம் நான் கட்டுகிறேன்" என்று யாரும் சொல்ல முடியாது. தண்ணீர் பில் நம் எல்லோருக்கும் சமமாகப் பிரிகிறது. கார் இல்லாத வீட்டுக்காரரும் கட்டுகிறார்.

காரின் உள்பக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அம்பாஸடரில் ரெக்சின் சீட், ரப்பர் மேட். கதவைத் திறந்து வைத்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளினால் முடிந்தது. இன்றைய காரில் கார்ப்பெட்டுக்கு அடியில் கனமான பஞ்சு, அதற்கு அடியில் ஒயர் கட்டுகள், சீட்டுக்குக் கீழே ஏர்பேக் இணைப்புகள். ஈரம் இறங்கினால் காய வழியே இல்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது, அன்று நம் மாவட்டத்தில் இருந்த முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வண்டிகள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் பலர் செய்த முதல் காரியம் சாவியைத் திருகிப் பார்த்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் அந்த ஒரு திருகலில் எஞ்சின் போய்விடும்; அதற்கென்று தனிக் காப்பு எடுத்திருந்தால் ஒழிய இன்ஷூரன்சும் கை விரிக்கும். வண்டிக்குள் தண்ணீர் ஏறினால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள், போட்டோ எடுங்கள், தூக்கிச் செல்லும் வண்டியை அழையுங்கள். கார்ப்பெட்டை முழுதாகத் தூக்கிக் காய வைக்காமல் வெறும் வாசனை ஸ்ப்ரே அடித்த வண்டிகள் மாதக்கணக்கில் நாறின.

சாதாரண நாட்களில் உள்ளே வேண்டியது வாக்குவம்தான். 1901-ல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் செய்த வாக்குவம் இயந்திரம் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் அளவுக்குப் பெரியது. வீட்டு வாசலில் நிறுத்தி ஜன்னல் வழியாகக் குழாய் விட்டுத் தூசு உறிஞ்சுவார்கள். இன்று அது கையடக்கமாக வந்துவிட்டது. முதலில் மேலே டேஷ்போர்டைத் துடைத்து, கடைசியில் தரைக்கு வாருங்கள். தூசு கீழேதான் விழும் என்பதால் தலைகீழாகச் செய்தால் இரட்டை வேலை. டேஷ்போர்டுக்குப் பிழிந்த ஈரத் துணி போதும். பளபளக்கும் எண்ணெய் பூசினால் தூசு இன்னும் ஒட்டும், வெயிலில் கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டும்போது கண்ணை உறுத்தும்.

வெளிப்பக்கம் நான் செய்வது இவ்வளவே. காலை ஏழு மணிக்குள், எஞ்சின் சூடு இல்லாதபோது, நிழலில். ஒரு வாளியில் கார் ஷாம்பு, ஒரு வாளியில் வெறும் தண்ணீர். ஒரு மக் தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி ஊறவிடுவேன். துணியை ஷாம்பு வாளியில் முக்கி, ஒரு பகுதியை மேலிருந்து கீழாகத் துடைத்து, வெறும் தண்ணீரில் அலசிய பிறகே மறுபடி ஷாம்புக்குப் போகும். வீல்களுக்குத் தனித் துணி, கடைசியில். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம். அதன் காரம் மெழுகைக் கழற்றிவிடும். மெழுகு என்றால், பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூசினால் போதும். முக்கியமானது உடனே ஈரத்தை ஒற்றி எடுப்பது. நம் போர் தண்ணீர் உப்பு. தானாகக் காயவிட்டால் வெள்ளைத் திட்டு உட்கார்ந்துவிடும். காக்கை எச்சத்தைக் கண்டால் மட்டும் வாரம் வரை காத்திருக்காமல் அன்றே ஈரத் துணி வைத்து ஊறவைத்து எடுங்கள்.

ஆயுத பூஜை அன்று எல்லா வண்டிக்கும் அபிஷேகம் நடக்கும். அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சந்தனம் குங்குமத்தை பானட்டில் அப்பாமல் நம்பர் பிளேட்டில் வையுங்கள். அடுத்த நாள் துடைக்க மறக்காதீர்கள்.

அடுத்த பொதுக்குழுவில் நான் வைக்கப்போகும் தீர்மானம் இது. ஹோஸ் பைப் வேண்டாம். பார்க்கிங்கில் இரண்டு குழாய் போதும், வாளியோடுதான் பயன்படுத்த வேண்டும். கார் துடைக்க வரும் தம்பியை நிறுத்த வேண்டியதில்லை. தினமும் துடைப்பதற்குப் பதிலாக வாரம் இரண்டு நாள், அதே சம்பளம். வண்டிக்கு இரண்டு மைக்ரோஃபைபர் துணியை வண்டிக்காரரே வாங்கி, பிளாட் நம்பர் எழுதிக் கொடுக்க வேண்டும். சங்கம் அவருக்கு இரண்டு வாளி வாங்கித் தரும். துணியை மாடிக் கொடியில் காயப்போட இடம் கேட்டிருக்கிறார். கிழக்கு மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் காலியாகத்தான் இருக்கிறது.